படி எந்தப் பக்கம்?

நாக்பூரில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரின் வீட்டு மாடியில் அறை எழும்பிவிட்டது. ஏறத்தான் வழியில்லை. வீடு கட்டிய காலத்தில் மாடிப்படிக்கு இடம் விடவில்லை. வடாம் காயப்போடவும் தொட்டியைக் கழுவவும் மூங்கில் ஏணியே போதுமானதாக இருந்தது. இப்போது இளைய மகனுக்குக் கல்யாணம். புது மருமகளை ஏணியில் ஏறச் சொல்ல முடியுமா?

கான்கிரீட் படி என்றால் கூடத்தை உடைக்க வேண்டும். எனவே இரும்பு. இரும்பு வேலையில் பட்டறைக்காரர்கள் கணக்குப் பேசுவது பெரும்பாலும் கிலோவில்தான். முதலில் வந்த பட்டறைக்காரர் கிலோவுக்கு 130 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றார். இன்னொருவர் மொத்தமாக 60,000 என்றார். இரண்டாவது மலிவாகத் தெரியும். ஆனால் மொத்த விலையில் தகடு மெலிய மெலிய லாபம் பட்டறைக்கு; கிலோ விலையில் தகடு தடிக்கத் தடிக்க லாபம் பட்டறைக்கு. எப்படியும் வீட்டுக்காரர்தான் தகட்டின் கனத்தைக் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர் என்பதால் இவருக்கு அது கைவந்த கலை. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ இருக்கும். 5 மி.மீ. தகடு என்றால் சுமார் 39 கிலோ, 4 மி.மீ. என்றால் 31 கிலோதான். வழுக்காமலிருக்க மேலே புடைப்புக் கோடுகள் போட்ட தகடு இன்னும் கொஞ்சம் கனக்கும். எல்லாவற்றையும் எடைமேடையில் நிறுத்துச் சீட்டு வாங்குவது என்று முடிவாயிற்று. எடைமேடைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் ‘தரம் காண்டா’. தர்மத்தின் தராசு!

அடுத்த சண்டை படியின் உயரத்தில். தரையிலிருந்து மாடித் தளம் 10 அடி. “14 படியில் முடிச்சிடலாம் காகா, இடமும் மிச்சம், இரும்பும் மிச்சம்” என்றார் பட்டறைக்காரர். 120 அங்குலத்தை 14-ஆல் வகுத்தால் ஒவ்வொரு படியும் எட்டரை அங்குலத்துக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 22 செ.மீ. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு அனுமதிப்பது 19 செ.மீ. வரைதான்; கால் வைக்கும் அகலம் குறைந்தது 25 செ.மீ. வேண்டும். 17 ஏற்றமாகப் பிரித்தால் ஒன்று 7 அங்குலம் சொச்சம். அதை இரட்டித்துப் படியின் அகலமான 10 அங்குலத்தைக் கூட்டினால் 24. பிளாண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன கணக்கு இது. மனிதக் காலடியின் நீளத்தை ஒட்டியது. 17 என்றே எழுதப்பட்டது. “பாவூ, மூணு படி மிச்சம் பிடிச்சு என் முட்டியை உடைக்காதே” என்று சொல்லி முடித்தார் பெரியவர்.

செலவுப் பட்டியலில் பட்டறைக்காரர்கள் எழுதாமல் விடுவதும் உண்டு. அடியில் கான்கிரீட் பீடம். மேல்முனையைச் செங்கல் சுவரில் அல்ல, பீமில் போல்ட் அடித்து நிறுத்தும் வேலை. துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் இரண்டு கை பெயிண்ட். கைப்பிடிக் குழாயின் வாயை அடைக்காவிட்டால் மழை உள்ளே போய் யாருக்கும் தெரியாமல் அரிக்கும். நாக்பூரின் மே மாத வெயில் 45 டிகிரியைத் தாண்டும். வெறுங்காலோடு ஏற முடியாது. மேலே நிழலுக்குக் கூரை என்றால் அது தனிக் கணக்கு.

இவ்வளவும் தீர்ந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை வந்தது. படியின் கால் எங்கே ஊன்றும்? பக்கவாட்டுச் சந்தில் நேராக இறக்கினால் வாசல் கேட்டருகே முடியும். எடை 450 கிலோ, வரியோடு 69,030 ரூபாய். கீழ் வீட்டைத் தொடாமலே மாடிக்குப் போய்விடலாம். “நாளைக்கு வாடகைக்கு விட்டாலும் ஆகும்” என்றார் பெரியவர். மகன் தலையாட்டினான். அவன் மனைவியாகப் போகிறவளை யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் 76 வயது ஆஜி. அவர் மாடி ஏறப் போவதே இல்லை. “கேட்டுப் பக்கம் இறங்கினா அவ வேலைக்குப் போறதும் வர்றதும் எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்டாளா என்று எங்கே நின்று கேட்பேன்?” என்றார். சமையலறைக்குப் பின்னால், கொல்லையில் படி இறங்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அதற்கு நடுவில் திரும்ப வேண்டும். ஆறடிக்கு மூன்றடி மேடை, அதைத் தாங்க நாலு கம்பம், கூடுதலாக 120 கிலோ. 18,408 ரூபாய் அதிகம். படிக்கென்று ஒதுக்கியதோ மொத்தமே 80,000. பெரியவர் இரண்டு நாள் காகிதத்தோடு உட்கார்ந்தார். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று மகன் கேட்டபோது, “இரண்டு பக்கமும் வேண்டாம்” என்றார் ஆஜி.

மூன்றாம் நாள் பெண் வீட்டிலிருந்து தொலைபேசி. விஷயம் எப்படியோ அங்கே போயிருந்தது. அந்தப் பெண்ணே பேசினாள்: கொல்லைப் பக்கமே இருக்கட்டும், ஆனால் மாடிக் கதவுக்கு மட்டும் உள்தாழ்ப்பாள் வேண்டும்.

நிழற்கூரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போயிற்று. முன்பணம் 40,000 கொடுத்தாகிவிட்டது. கொல்லை எலுமிச்சை மரத்தை வெட்ட வேண்டியதில்லை, இரண்டு கிளை கழித்தால் போதும் என்கிறார் பட்டறைக்காரர்.