மூச்சும் மரத்தூளும்

பழுது பார்க்கப்பட்ட ஆலயம் ஒன்றில் நுழையும்போது, புதிதாக மெருகேறிய இருக்கையின் மேல் கையை வைத்துப் பார்க்காதவர் அரிது. வழுவழுப்பாக இருக்கிறதே என்று மகிழ்கிறோம். மரத்தின் மேற்பரப்பு தேய்த்து அகற்றப்பட்டதால் வந்த வழுவழுப்பு அது. அகற்றப்பட்டது எங்கே போயிற்று என்ற கேள்வி மட்டும் பொதுவாக நம் மனத்தில் எழுவதில்லை. ஒரு பகுதி தரையில் விழுந்து பெருக்கப்பட்டது. ஒரு பகுதி காற்றில் மிதந்தது. மிதந்ததில் ஒரு பங்கை ஒரு மனிதர் சுவாசித்தார்.

இழைப்புளியும் உப்புத்தாளும் ஆண்ட காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு அவசரமானதாக இல்லை. இழைப்புளி மரத்தைச் சுருள் சுருளாகச் சீவித் தள்ளும். சுருளை எவரும் மூச்சில் இழுப்பதில்லை. உப்புத்தாளால் தேய்க்கிறவர் களைத்து நின்றால் தூசியும் நின்றது. இப்போதோ மரப்பட்டறைகளிலும், கார்களுக்கு வண்ணம் பூசும் கூடங்களிலும் காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் சாண்டர் வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் கருவி. அடியில் ஐந்து அல்லது ஆறு அங்குல வட்டம். நிமிடத்துக்கு 12,000 சுற்றுவரை சுழலக்கூடியது. மின்கம்பி இல்லாததால், நீர் தெளித்துத் தேய்க்கும்போதும் மின்னதிர்ச்சி பற்றிய அச்சமில்லை. அது களைப்பதுமில்லை.

தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றின் மரவேலைப் பிரிவில் பயிற்றுநராக இருந்த ஆண்டுகளில், இக்கருவியை மாணவர் கையில் கொடுக்கும் முன் அதைப் பிரித்துக் காட்டுவது என் வழக்கம். உள்ளே ஓர் உருளை. அதில் சுழலும் ஒரு தண்டு. தண்டின் பள்ளங்களில் வழுக்கி நகரும் மெல்லிய தகடுகள். காற்று அத்தகடுகளைத் தள்ளுகிறது, தண்டு சுழல்கிறது. அவ்வளவுதான். கருவிக்குள் நுழையும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அளவில் இருப்பது வழக்கம். அதற்கு மேல் ஏற்றினால் வேலை விரைந்து முடியும் என்று இளைஞர்கள் நினைப்பார்கள். தகடுகளும் பேரிங்குகளும் விரைந்து முடிந்துபோகும் என்பதே உண்மை.

இக்கருவியின் முதற் பகை தண்ணீர். கடலோர ஊர்களின் ஈரக்காற்றை கம்ப்ரஸர் அழுத்திச் சேமிக்கும்போது, காற்றிலிருந்த ஈரம் தொட்டியின் அடியில் நீராகத் தங்குகிறது. மாலைதோறும் அடித்திருகைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். மழைக்காலத்தில் துருநிறத் தண்ணீர் பீறிட்டு வருவதைப் பார்த்து மாணவர்கள் வியப்பார்கள். திறக்க மறந்தால் அந்த நீர் குழாய்வழி ஏறி உருளைக்குள் துருவாகும், தகடுகள் ஒட்டிக்கொள்ளும். வேலை தொடங்குமுன் காற்று நுழையும் வாயில் சில சொட்டு எண்ணெய் விடவேண்டும். காற்றுக் கருவிகளுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய் அது. அரத்துக்கும் வாளுக்கும் தடவும் தேங்காயெண்ணெயோ, வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயோ ஆகாது. எண்ணெய் விட்டதும் கருவியின் அடியை ஒரு பழந்துணியில் பதித்துச் சில நொடி ஓட்ட வேண்டும். இல்லையேல் உள்ளிருந்து தெறிக்கும் துளி மரத்தில் படிந்து, அவ்விடத்தில் வார்னிஷ் பிடிக்காமல் கண் கண்ணாகப் பிரியும்.

புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு எழுதிய ஒழுங்குநூலில், மடத்தின் கருவிகளையெல்லாம் பலிபீடத்துப் பாத்திரங்களுக்கு நிகராகக் கருதும்படி பண்டகக் காப்பாளருக்குப் பணிக்கிறார். கருவிகளைத் தூய்மையின்றியோ கவனமின்றியோ கையாள்கிறவர் கண்டிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறார். மாலையில் அடித்திருகைத் திறக்கும் சிறுவனுக்கு இதை நான் சொன்னதுண்டு. அவன் சிரித்தான், ஆனால் மறுநாளும் திறந்தான்.

தேய்க்கும் முறையிலும் ஓர் ஒழுக்கம் உண்டு. கருவியை மரத்தின்மேல் வைத்த பிறகே விசையை அழுத்த வேண்டும். வெற்றிடத்தில் ஓடவிட்டால் வட்டம் கட்டுமீறிச் சுழலும். தாள் பிய்ந்து பறக்கும். மேலிருந்து அமுக்கவும் கூடாது. கருவியின் எடையே போதும். அமுக்கினால் சுழற்சி தடைப்பட்டு மரத்தில் வளையக் கீறல்கள் விழும். தாள் மாற்றும்போது காற்றுக்குழாயைக் கழற்றிவிடுவது கட்டாயம். விசையில் ஒரு விரல் தவறிப் பட்டாலும் போதும், மறு கையின் விரல்நுனி போய்விடும். வேலை முடிந்ததும் அதே குழாயால் சட்டைத் தூசியை ஊதிக்கொள்ளும் பழக்கம் பட்டறைகளில் பரவலாக உள்ளது. அழுத்தக் காற்று காயத்தின் வழியே உடலுக்குள் புகலாம். கண்ணையும் செவியையும் கெடுக்கலாம். வேடிக்கை என்று எண்ணி உடன்பணியாளரின் உடலுக்குள் காற்றைச் செலுத்த, அவர் உயிரிழந்த செய்திகளை நம் நாட்டு நாளேடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்திருக்கிறோம்.

இவையெல்லாம் கண்முன் நிகழும் விபத்துகள். தூசி மெதுவாக வேலை செய்கிறது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊர் நாற்காலி செய்வதில் பெயர்பெற்றது. அப்பகுதி மரத்தொழிலாளரிடையே மூக்கின் உட்பகுதியில் வரும் அரிய புற்றுநோய் வழக்கத்தை மீறிக் காணப்படுவதை 1960களில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற பெண் மருத்துவர் அவர்களுள் ஒருவர். 1995இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்று விளைவிப்பவற்றின் முதற் பிரிவில் வைத்தது. நம் தேக்குத் தூளும் ஈட்டித் தூளும் தோலை அரிக்கச் செய்வதைத் தச்சர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பழைய கதவுகளிலும் சுரூபங்களிலும் உள்ள வண்ணத்தை உலர்வாகத் தேய்ப்பது இன்னும் கொடிது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற அரசு விதி நம் நாட்டில் வந்தது 2016இல்தான்; அதற்கு முந்திய பூச்சுகளில் என்ன இருக்கிறதோ யார் கண்டார்கள்! படைப்பின் வரலாற்றில் மண்ணுக்குள் மூச்சு புகுந்து மனிதன் எழுகிறான். பட்டறையில் நிகழ்வது அதன் தலைகீழ்: மூச்சோடு தூசி புகுந்து மனிதன் விழுகிறான்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து உணர்விழப்பதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். நம்முடைய வெப்பத்தில் விரல் வெளுப்பது அரிது. மதமதப்பும் குத்தலுமே தெரியும். அதனால் ‘கை தூங்கிப்போச்சு’ என்று உதறிவிட்டு மீண்டும் கருவியைப் பிடிக்கிறார்கள். உணர்விழப்பதை மரத்துப்போதல் என்கிறது தமிழ். மரத்தைத் தேய்த்துத் தேய்த்தே கை மரத்துப்போன ஒருவரை எனக்குத் தெரியும். கார்க் கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் இக்கருவியைப் பிடித்தவர். தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட இயலாமல் மகளை அழைக்கிறார். தேய்ந்த வட்டத்தை உரிய காலத்தில் மாற்றுவதும், பொருத்தமான எடையுள்ள வட்டத்தையே போடுவதும், வேலையை இருவர் மாறி மாறிச் செய்வதும் அதிர்வைப் பெரிதும் குறைக்கும். அவருக்கு இதைச் சொன்னவர் இல்லை.

எங்கள் பங்கு ஆலயத்தின் இருக்கைகளைப் புதுப்பிக்கும் மதிப்பீடு குழுவின் முன் வந்தபோது, எந்த வார்னிஷ் நல்லது என்பது பற்றி அரைமணி நேரம் விவாதித்தார்கள். தேய்க்கிறவரின் மூக்குக்கு என ஒரு வரியும் அதில் இல்லை. தச்சு மேஸ்திரியைக் கேட்டேன். “துண்டு கட்டிக்குவோம் சார், பழக்கந்தானே” என்றார். துண்டு பெருந்தூளைத் தடுக்கும். நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்தூளைத் தடுக்காது. அதற்கு என்-95 போன்ற முகமூடி வேண்டும். 2020இன் பெருந்தொற்று அப்பெயரைச் சிற்றூர்வரை கொண்டு சேர்த்திருக்கிறது. வட்டத்தின் துளைகள் வழியே தூளை உறிஞ்சும் குழாயும் வேண்டும். செவிக்கு அடைப்பானும் வேண்டும். “அதெல்லாம் ஒப்பந்தக்காரர் பாடு” என்றார் பொருளாளர்.

அவ்வாறு நான் கருதவில்லை. உடல்நலத்துக்குக் கேடு செய்யாத பணியிடம் தொழிலாளரின் உரிமைகளுள் ஒன்று என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் கூறுகிறார். வேலையை ஏற்றவருக்கு மட்டுமன்றி, வேலையைக் கொடுத்து அதன் நிபந்தனைகளை வகுக்கிறவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பதும் அதே மடலில் உள்ள கருத்துதான். குறைந்த மதிப்பீட்டைத் தேடிப் பிடித்தவர்கள் நாம். அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க நாமும் கடமைப்பட்டவர்கள். மே முதல் நாளில் தொழிலாளரான புனித சூசையப்பருக்குப் பூமாலை சூட்டுகிற பங்கு, தன் முற்றத்தில் நிற்கும் தச்சருக்கு ஒரு முகமூடி வாங்கத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

பங்குத்தந்தை இரு பக்கமும் கேட்டார். முகமூடியும் உறிஞ்சியும் வாடகை உட்பட மதிப்பீட்டில் சேர்ந்தன. “எந்தத் தலைப்பில் எழுதுவது, சாமி?” என்றார் பொருளாளர். “வார்னிஷுக்குக் கீழே எழுதுங்கள்” என்றார் அவர். வேலை ஆலயத்துக்குள்ளிருந்து கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாறியது. முகமூடியோடு வெயிலில் தொடர்ந்து நிற்க முடியாது. ஆகையால் முக்கால் மணிக்கொருமுறை கை மாற்றினார்கள், மோர் குடித்தார்கள். எட்டு நாளில் முடியவேண்டியது பதினொரு நாளிலும் முடியவில்லை. பாதுகாவலர் திருவிழாத் திருப்பலியன்று கடைசி ஆறு இருக்கைகள் மெருகின்றியே நின்றன. மக்கள் அவற்றிலும் அமர்ந்தார்கள்.