துரை வண்டியும் நாமும்

விலை மலிந்த பெரும்பொருளைக் கண்டால் மனம் இளகுவது மனித இயல்பு. புதிதாயிருந்த நாளில் பெருஞ்செல்வரே ஏறிச் சென்ற மோட்டார் வண்டியொன்று, இருபத்தைந்து ஆண்டு கழிந்தபின் ஒரு பழைய சிறு வண்டியின் விலைக்குச் சந்தைக்கு வருகிறது. அவ்வாறு வருவதற்குக் காரணம் வண்டி முற்றும் கெட்டுப்போனதன்று. வண்டியின் விலை அதன் வயதைப் பார்த்துக் குறைகிறது. அதற்கு வேண்டிய சாமான்களின் விலையோ அது பிறந்த குலத்தைப் பார்த்து நிற்கிறது. இந்த வேற்றுமையை அறியாமல் வாங்கினோர் பலர் ஓராண்டுக்குள் நட்டத்திற்கு விற்றுவிடுகின்றனர். கூலி கொடுத்துப் பழுது பார்க்க வசதியில்லாதவர் இவ்வண்டியை வைத்துக்கொள்ள வழி ஒன்றுண்டு. அது தம் கையால் செய்துகொள்வதே. அவ்வழியில் நாம் மூன்று ஆண்டு நடந்து பார்த்தோம். அந்த வரலாறு தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள நேயர் சிலருக்கேனும் பயன்படலாம் என்று கருதி எழுதுகிறோம்.

நாம் வாங்கியது 1997-ஆம் ஆண்டிற் செய்த ரேஞ்ச் ரோவர். சேறு மேடு எங்கும் ஏறும் வலிமையும், தோல் இருக்கையும் மரப்பலகை அழகும் ஒருங்கே உடையது. அதன் மூத்த உடன்பிறப்பாகிய லேண்ட் ரோவர் 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. அஃது உழவனுக்கென்று செய்த வண்டி. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரோ உழவனுக்கும் சீமானுக்கும் பொது என்றாயிற்று. அதன் இரண்டாம் தலைமுறை 1994-இல் வந்தது. நம்முடையது அத்தலைமுறையைச் சேர்ந்தது. அதனை வகுத்தோர் தாம் வேலை செய்த கட்டடத்தின் எண்ணைக்கொண்டு 'பி-38ஏ' என்று பெயரிட்டழைத்தனர். இங்கிலாந்தின் பெருமை என்று பேசப்படும் இவ்வண்டியின் எட்டுச் சிலிண்டர் இயந்திரம் அமெரிக்காவில் பிறந்தது. பியூக் கம்பெனியார் 1961-ஆம் ஆண்டு வண்டிகளில் வைத்து, சில ஆண்டுகளில் கைவிட்ட அந்த அலுமினிய இயந்திரத்தின் உரிமையை ரோவர் கம்பெனியார் 1965-இல் வாங்கினர். கம்பெனியும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1994-இல் ஜெர்மானியர் கைக்கும், 2000-இல் அமெரிக்கர் கைக்கும், 2008-இல் இந்தியாவின் டாட்டா கைக்கும் சென்றது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் இராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்திலே டாட்டாவின் மோட்டார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றையெல்லாம் நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது, சற்று யோசித்து, "அப்படியானால் இப்போது துரை யார்?" என்று கேட்டார்.

நிற்க. நாம் இதை ஏன் வாங்கினோம்? தோட்டத்திலிருந்து நகரத்துப் பள்ளிக்கு 18 கிலோமீட்டர். அதில் மூன்றிலொரு பங்கு செம்மண் பாதை. மழைக்காலத்தில் ஆற்றோரத்துத் தாழ்விடம் முழங்கால் நீரில் மூழ்கும். நம்மிடமிருந்த சிறு வண்டி அவ்விடத்தில் இருமுறை நின்றுபோயிற்று. காரணம் இத்துடன் முடிந்தது என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். ஆசையும் இருந்தது. நம் தந்தையார் பால்வாளியுடன் பாதையோரம் ஒதுங்கி நிற்க, மானேஜர் துரையின் வண்டி செம்புழுதி எழுப்பிக்கொண்டு போவதை நாம் சிறு பிள்ளையாய்ப் பார்த்ததுண்டு. தோட்டத்து மூத்தோர் இவ்வகை வண்டியை இன்றும் 'துரை வண்டி' என்றே சொல்கின்றனர்.

நாம் குடியிருக்கும் வீடு கம்பெனியினது. வேலை நின்றால் காலி செய்ய வேண்டியது. ஆதலால் நகரப்புறத்தில் ஒரு வீட்டிற்கு முன்பணமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தோம். அந்தத் தொகையிலிருந்து 12,000 வெள்ளி எடுக்கவேண்டும் என்றதும் நம் மனைவியார் வாளா இருக்கவில்லை. "வீட்டைக் கேட்டால் சக்கரத்தைக் காட்டுகிறீர்களே" என்றார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையுடன் இசைந்தார். சாலை வரியும் பெட்ரோலும் நீங்கலாக, வண்டிக்கு மாதம் 200 வெள்ளிக்கு மேல் செல்லக்கூடாது. ஓராண்டுக் கணக்கில் மிஞ்சினால் வண்டி விற்கப்படும். கணக்கெழுதுவதே தொழிலாகிய நம்மிடம் ஒரு தனி ஏட்டை வாங்கிக் கொடுத்தும் விட்டார்.

இரண்டாம் மாதமே சோதனை வந்தது. ஒருநாள் காலையில் வண்டி, எருமை சேற்றிற் படுத்ததுபோல் நான்கு சக்கரத்தின் மேலும் படுத்துக் கிடந்தது. இவ்வண்டியில் இரும்புச் சுருள் வில் கிடையாது. நான்கு மூலையிலும் ரப்பர்க் காற்றுப்பைகள் உண்டு. ஒரு சிறு மின்கம்பிரசர் காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும். வால்வுகள் பல அடங்கிய ஒரு பெட்டி அதனை மூலைகளுக்குப் பகிர்ந்தளிக்கும். வேகமாய்ப் போகையில் வண்டியைத் தாழ்த்துவதும் பள்ளத்தில் உயர்த்துவதும் இதன் வேலை. நகரத்துப் பட்டறையொன்றில் கேட்டதற்கு, எல்லாவற்றையும் கழற்றியெறிந்து புதிது பூட்ட 9,000 வெள்ளி ஆகும் என்றனர். அது நாற்பத்தைந்து மாதத்து நிபந்தனைப் பணம்.

அப்போதுதான் பிட்டர் மாமாவை நாடினோம். தோட்டத்துப் பட்டறையில் முப்பத்தாறு ஆண்டு பிட்டராயிருந்து ஓய்வு பெற்றவர். டிராக்டர், நீர்ப்பம்பு, ரப்பர்ப் புகைக்கூடத்து இயந்திரம் எல்லாம் அவர் கையில் வாழ்ந்தவை. காற்று வண்டியை அதுவரை அவர் தொட்டதில்லை. அரை மணி நேரம் பேசாமல் கம்பிரசரின் ஓசையைக் கேட்டார். "தம்பி, இவன் ஓயாமல் கத்துகிறான். கத்துகிறவன் மேலே குற்றம் போடாதீர்கள். ஏன் கத்துகிறான் என்று பார்ப்போம்" என்றார்.

அவ்வளவும் உண்மையாயிற்று. எங்கோ காற்றுக் கசிய, இழந்ததை ஈடு செய்யக் கம்பிரசர் ஓய்வின்றி ஓடுகிறது, ஓடிச் சூடேறித் தேய்கிறது, இறுதியில் நின்றுவிடுகிறது. நின்றது எதுவோ அதை மாற்றுகின்றனர் பலர். கசிவு இருந்த இடத்திலேயே இருப்பதால் புதிய கம்பிரசரும் அவ்வழியே போகிறது. இன்னுமொரு மயக்கம் உண்டு. நிறுத்தி வைத்த வண்டியில் ஒரு மூலை காற்றிழந்து தாழுமானால், உள்ளேயிருக்கும் சிறு கணினி சில மணிக்கொருமுறை விழித்து, மற்ற மூன்றையும் தாழ்ந்ததன் மட்டத்திற்கு இறக்கிவிடும். ஆதலால் காலையில் பார்ப்போர்க்கு நான்கும் கெட்டதாகத் தோன்றும். கெட்டது ஒன்றாயிருக்கலாம்.

கசிவைக் காண நாம் செலவிட்டது பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு கரண்டி. நீரிற் கரைத்து, காற்றுக்குழாய் ஒவ்வொன்றின் இணைப்பிலும், காற்றுப்பைகளின் மடிப்பிலும், வால்வுப் பெட்டியின் மேலும் தெளித்தோம். வால்வுப் பெட்டியில் சிறு சிறு குமிழிகள் முளைத்தன. பெட்டியைத் திறக்குமுன் காற்றை முற்றும் வெளியேற்றவேண்டும். தொட்டியில் பத்து வளிமண்டல அளவுக்கு அழுத்தம் இருக்கும், கண்ணைக் குருடாக்கப் போதுமானது. அஃதன்றி, காற்றில் நிற்கும் வண்டியின் கீழே எந்நிலையிலும் தலையை நுழைக்கலாகாது. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பாரம் அறிவிப்பின்றி இறங்கிவிடும். சட்டத்தின் கீழ் இரும்புத் தாங்கிகள் நான்கை நிறுத்தியபின்னரே மாமா நம்மைக் குனிய விட்டார். தாங்கி இல்லாத நாளில் வேலையும் இல்லை.

வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே வால்வுகளை அடுக்கினோம். உள்ளேயிருந்த ரப்பர் வளையங்கள் வட்டமான குறுக்குவெட்டை இழந்து சதுரமாகித் தட்டைப்பட்டிருந்தன. நகத்தால் அழுத்தினால் ஓடு போல் விறைத்தன. அத்தனை வளையங்களும் அடங்கிய ஒரு பொட்டலம் 65 வெள்ளி. சிலிக்கோன் கிரீசை மெல்லத் தடவிப் புதியவற்றை அமர்த்தி, குழாய் முனைகளை நேர்குறுக்காய் வெட்டிச் செருகி மூடினோம். ஆயினும் வண்டி எழவில்லை. தான் கண்ட பழுதைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு பூட்டிக் கிடந்தது. பழைய மடிக்கணினி ஒன்றையும் ஒரு கம்பிவடத்தையும் கொண்டு அந்நினைவை அழித்த பிறகே, ஒவ்வொரு மூலையாய் வண்டி எழுந்து நின்றது. மாமா ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை மடித்தார். மறுநாள் காலையிலும் அது நின்றுகொண்டிருந்தது. நம் மனைவியார் சமையலறைச் சன்னலிலிருந்தே பார்த்து, "65-ஐ எழுதிவிட்டீர்களா?" என்றார்.

இவ்வேலையில் நமக்கும் மாமாவுக்கும் ஒரு கூட்டு ஏற்பட்டது. வண்டியின் பழுதுபார்ப்பு நூல் ஆங்கிலத்தில் உள்ளது. ஆங்கில வழியிற் பயின்ற நமக்கு அதைப் படிப்பது எளிது. படித்ததைக் கை செய்ய மறுக்கிறது. மாமாவுக்குக் கை உண்டு; ஆங்கிலம் இல்லை. தமிழ் ஏடு மட்டும் நாள் தவறாமல் படிப்பவர். ஆகவே மாலை நேரங்களில் நாம் நூலைத் தமிழிற் சொல்லி வர, அவர் கேட்டு, கழற்றும் முறையில் நூலுக்கு மேலும் இரண்டொன்று சேர்ப்பார். சொன்னதை நாம் ஏட்டில் எழுதினோம். முதலில், படித்தவர் என்ற செருக்கில், வால்வைக் 'கதவம்' என்று எழுதிப் பார்த்தோம். மாமா சிரித்துவிட்டார். "பட்டறையில் கதவத்தை எடு என்றால் பையன் வாசலுக்குப் போவான், தம்பி." அன்று முதல் வால்வு வால்வாகவே இருக்கிறது, புஷ்ஷும் கேஸ்கட்டும் அப்படியே. ஆனால் எதை ஏன் செய்கிறோம் என்பதை மட்டும் ஒரு வாக்கியமும் விடாமல் தமிழில் எழுதுகிறோம். 'சிலிண்டர்த் தலையின் போல்ட்டுகளை 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கி, பின் கால் வட்டம், மறுபடியும் கால் வட்டம் திருப்புக. போல்ட்டு சற்றே நீண்டு இழுத்துப் பிடிக்கும். ஆதலால் ஒருமுறை கழற்றியதை மீண்டும் போடற்க' என்பது அதில் ஒரு வரி.

சக்கர நட்டுகளுக்கு 108 நியூட்டன் மீட்டர் என்று நூல் சொல்கிறது. அளவு காட்டும் ஸ்பானர் வாங்கி வந்த நாளில், மாமா தம் பழைய ஸ்பானரால் ஐந்து நட்டுகளையும் முடுக்கி, "இப்போது உங்கள் கருவியைப் போடுங்கள்" என்றார். நான்கு அசையவில்லை. ஐந்தாவது நூலளவு திரும்பிற்று. அந்த ஐந்தாவதைப் பற்றி அவர் இன்றுவரை மனம் ஆறவில்லை.

ரப்பரைப் பற்றி இங்கே சிறிது சொல்லாமல் இருக்க இயலாது. பழைய வண்டியின் வியாதிகளிற் பாதி ரப்பரின் முதுமையே. வெயிலும் ஓசோன் வாயுவும் இழுபட்ட ரப்பரில் வெடிப்பை உண்டாக்கும். சூடு அதனை விறைக்கச் செய்யும். தாது எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதவைத்துக் குழைக்கும். செயற்கை ரப்பர் எத்தனையோ வந்த பின்னும், ஓயாது அசைந்து அதிர்வைத் தாங்கும் புஷ்களுக்கும் இயந்திரத் தாங்கிகளுக்கும் மரத்துப் பாலில் வந்த ரப்பரையே பெரிதும் விரும்புகின்றனர். இதனை மாமாவுக்குப் படித்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரு புஷ்ஷை விரலிடையில் நசுக்கி, முகர்ந்து, "இது போகும், அது போகாது" என்று பிரித்து வைத்தார். சத்தம் நிற்கவேண்டும் என்று புஷ்களுக்கு எண்ணெய் ஊற்றுவோர் உண்டு. ஒரு வாரம் சத்தம் நிற்கும், ஓராண்டில் புஷ்ஷே நிற்காது.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்வோம். அலுமினிய உடலில் இரும்புக் குழல்கள் பொருத்திய அமைப்பாதலால் சூடு மிஞ்சுவது அதற்குக் கூற்றுவன். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றினால் அலுமினியம் உள்ளுக்குள் அரிக்கப்படும். துருத்தடுப்பு மருந்து கலந்த நீரே வேண்டும். ரேடியேட்டர், ரப்பர்க் குழாய்கள், தெர்மோஸ்டாட் மூன்றையும் கெடுமுன்னரே மாற்றிவிட்டோம். தோல் இருக்கை கிழிந்தபடியே இருக்கிறது. கூரைத் துணி தொங்குகிறது. அவற்றால் ஒருவரும் சாவதில்லை.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. இவ்வண்டியில் மிதிக்குத் துணை செய்வது மின்பம்பும், நைட்ரஜன் வாயு அடைத்த ஒரு சேமிப்புக் கலமும். கலம் தளர்ந்தால் மிதியைத் தொடும்போதெல்லாம் பம்பு ஓடும், அதுவே எச்சரிக்கை. நம் வண்டியில் அவ்வெச்சரிக்கை கேட்டதும் அன்றே வண்டியை நிறுத்திவிட்டோம். கலம் வந்து சேரும்வரை பிள்ளைகள் பதினாறு நாள் பள்ளி வாடகை வேனிற் சென்றனர். பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். 'டாட்-4' என்னும் வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை வெப்பம் வரை கொதியாது. நீர் கலந்தபின் 155 பாகை வரைதான் உறுதி. நம் நாட்டின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுவதை ஏட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறோம்.

மூன்று ஆண்டில் நிபந்தனைப்படி செல்லத்தக்கது 7,200 வெள்ளி, சென்றது 6,910. ஆண்டுக் கணக்கிலும் ஒருமுறையேனும் மிஞ்சவில்லை. நம் மனைவியார் கூட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். சாலை வரியைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வியும் போட்டிருக்கிறார். இயந்திரக் கொள்ளளவைப் பார்த்து ஏறும் அவ்வரியைப் பற்றி நாம் வாதிடுவதில்லை.

மாமாவுக்கு இடக்கண்ணில் புரை விழுந்திருக்கிறது. சிறு திருகுகளை இப்போது அவருடைய பேரன் பூட்டுகிறான். நகரத்துத் தொழிற்பள்ளியில் சேர விண்ணப்பித்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை. 'ஏட்டை' வாசித்துக் காட்டுவதும் அவனே. 112 பக்கம் ஆகியிருக்கிறது. பிரேக் பகுதியைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொண்டான். எழுதும்போது நம் வாக்கியம் ஒன்றை நீளம் என்று திருத்தியும் விட்டான். வருகிற பள்ளி விடுமுறையில் பின்புறத்துக் காற்றுப்பைகள் இரண்டையும் மாற்றவேண்டும். மடிப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன. அதற்கு ஏட்டின்படி இன்னும் 140 வெள்ளி குறைகிறது.