ஊசியைப் புதைத்த துப்பறிவாளர்

ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் சட்டென்று என்ன ஞாபகத்துக்கு வருகிறது? காது மூடும் தொப்பி, வளைந்த புகைக்குழாய், "எலிமெண்டரி, மை டியர் வாட்சன்". இந்த மூன்றும்தானே?

வேடிக்கை என்னவென்றால், ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 56 சிறுகதைகள், 4 நாவல்கள் அத்தனையையும் சலித்தாலும் அந்த வசனம் அப்படியே எங்கும் கிடைக்காது. அந்தத் தொப்பிக்கு இன்று நாம் காணும் உருவத்தைக் கொடுத்தவர் பத்திரிகையில் கதைக்குப் படம் போட்ட சிட்னி பேஜெட். வளைந்த குழாய் மேடை நாடகம் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. அதாவது உலகத்துக்கே தெரிந்த ஹோம்ஸ், பாதிக்குப் பாதி டாயில் எழுதாத ஹோம்ஸ்!

இதில் அதிகம் அடிபட்டவர் பாவம், வாட்சன்தான். 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த 14 படங்கள் வந்தன. அவற்றில் வாட்சனாக வந்த நைஜல் புரூஸ், எதையும் தாமதமாகப் புரிந்துகொள்ளும் ஒரு கோமாளி. பார்த்தால் சிரிப்பு வரும், உண்மைதான். ஆனால் புத்தகத்தில் இருக்கும் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் குண்டடி பட்ட ராணுவ டாக்டர். பெரும்பாலான கதைகளை நமக்குச் சொல்பவரே அவர்தான். ஹோம்ஸ் மாதிரி ஓர் ஆள், முட்டாளோடு ஒரே வீட்டில் வருஷக்கணக்காகக் குடியிருப்பாரா? யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் மைக்கேல் காக்ஸ். மான்செஸ்டரில் இருந்த கிரனாடா டெலிவிஷனின் தயாரிப்பாளர். 1980களின் தொடக்கத்தில் அவர் எடுத்த முடிவு மிகச் சாதாரணமானது: டாயில் எழுதியதையே எடுப்போம். அதற்காக 'பேக்கர் ஸ்ட்ரீட் ஃபைல்' என்று 77 பக்கத்துக்கு ஒரு குறிப்பேடு தயாரானது. ஹோம்ஸின் பழக்கங்கள், உடைகள், வீட்டுச் சாமான்கள், வாட்சனின் குணங்கள் எல்லாம் கதைகளிலிருந்து பொறுக்கி எடுத்துத் தொகுக்கப்பட்டிருந்தன. விக்டோரியா காலத்து பேக்கர் தெரு, ஸ்டூடியோ வளாகத்திலேயே எழுந்தது. பேஜெட் வரைந்த படங்களைப் போலவே சில காட்சிகளை அமைத்தார்கள். தொப்பிகூட கிராமப்புறம் போகும்போது மட்டும்தான். லண்டனில் ஹோம்ஸ் பட்டுத் தொப்பி போட்ட ஜென்டில்மேன்.

1984 ஏப்ரல் 24 அன்று முதல் எபிசோட் வந்தது. ஹோம்ஸாக நடித்தவர் ஜெரமி பிரெட். 'மை ஃபேர் லேடி' படத்தில் கதாநாயகியின் வீட்டுத் தெருவிலேயே பழிகிடக்கும் ஃப்ரெடி ஞாபகம் இருக்கிறதா? அவரேதான். இன்னொரு தமாஷ், 1980ல் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் அவர் ஏற்ற வேஷம் டாக்டர் வாட்சன். (அங்கே ஹோம்ஸ், 'பென்ஹர்' புகழ் சார்ல்டன் ஹெஸ்டன்!)

பிரெட்டின் ஹோம்ஸ் சும்மா நின்று வசனம் பேசுகிற ஆள் இல்லை. திடீரென்று நாற்காலியைத் தாண்டிக் குதிப்பார். அடுத்த நிமிஷம் கண்ணை மூடி விரல்நுனிகளைச் சேர்த்துக்கொண்டு சிலையாகிவிடுவார். ஒரு விநாடி மின்னி மறையும் சிரிப்பு. 'செந்தலையர் சங்கம்' கதையில் கட்சிக்காரர் தன் சோகத்தைச் சொல்லி முடித்ததும் ஹோம்ஸும் வாட்சனும் அடக்க முடியாமல் வெடித்துச் சிரிப்பார்கள். புத்தகத்திலும் அப்படித்தான். படப்பிடிப்புக்கு டாயில் புத்தகத்தோடு வந்து, திரைக்கதை எங்கே மூலத்தை விட்டு விலகினாலும் சண்டை பிடிப்பவர் என்று பெயர் எடுத்தார் பிரெட்.

வாட்சனும் பிழைத்தார். முதல் 13 எபிசோடுகளில் டேவிட் பர்க், அதன்பிறகு எட்வர்ட் ஹார்ட்விக். பர்க்கின் வாட்சன் துறுதுறுப்பானவர். ஹார்ட்விக்கின் வாட்சன் பொறுமையான அண்ணன் மாதிரி. இருவருமே புத்திசாலிகள். ஹோம்ஸின் குறும்புகளைப் பார்த்துக் கண்ணாலேயே 'ம்ம்ம்' என்பவர்கள்.

இதுவரை சொன்னது எந்த ரசிகரும் சொல்லக்கூடிய கதை. இனிமேல்தான் வேறு மாதிரி.

ஹோம்ஸும் மோரியார்ட்டியும் மோதும் ரைகன்பாக் அருவிக் காட்சியை ஸ்விட்சர்லாந்தில் அதே அருவியில் எடுத்தார்கள். அது 1985ல் ஒளிபரப்பாவதற்கு முன்பே, அந்த ஜூலை மாதம், பிரெட்டின் மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயில் இறந்துபோனார். அவரும் டெலிவிஷன்காரர்தான். இந்தத் தொடரை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோன 'மிஸ்டரி' நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். அந்த அடியிலிருந்து எழ முடியாமலே பிரெட் மறுபடி ஹோம்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டார். 1986ல் மனம் உடைந்து மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. பைபோலார் நோய் என்றார்கள்: உற்சாகம் தலைக்கேறும், பிறகு பாதாளத்தில் தள்ளும். அதற்குக் கொடுத்த லித்தியம் மாத்திரையால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் ஏற்கெனவே இதயத்தைப் பழுதாக்கியிருந்தது.

கதையில் வரும் ஹோம்ஸ் ஒல்லி, கழுகு மூக்கு. புத்தகத்துக்கு அத்தனை விசுவாசமாக எடுத்த தொடரில், வருஷத்துக்கு வருஷம் ஹோம்ஸ் ஊதிக்கொண்டே போனார். மூச்சு வாங்கியது. எந்த ஃபைலாலும் இதைத் திருத்த முடியாது.

இந்த இடத்தில்தான் 'டெவில்ஸ் ஃபுட்' எபிசோட் முக்கியமாகிறது. 1988ல் வந்தது. டாயிலின் மூலக்கதையிலேயே ஹோம்ஸ் நோயாளிதான். ஓய்வெடுக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்ததால் வாட்சனோடு கார்ன்வால் கடற்கரைக்கு வருகிறார். டிவியில் வரும் ஹோம்ஸோ போதை ஊசியோடு வந்து சேர்கிறார். ஒருநாள் கடற்கரை மணலில் குழி தோண்டி அந்த ஊசியைப் புதைத்துவிடுகிறார். பெரிய வசனம் எதுவும் இல்லை. அவ்வளவுதான் காட்சி.

இது புத்தகத்தில் இல்லை! ஹோம்ஸை அந்தப் பழக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மீட்டதாக வாட்சன் வேறொரு கதையில் போகிறபோக்கில் சொல்வதோடு சரி. வரிக்கு வரி மூலத்துக்காகச் சண்டை போட்ட அதே பிரெட்தான் இதைச் சேர்க்கச் சொன்னவர். இந்தத் தொடரைக் குழந்தைகள் நிறையப் பேர் பார்க்கிறார்கள், அவர்களுடைய ஹீரோ கையில் ஊசி இருக்கக்கூடாது என்பது அவர் கவலை. டாயிலின் மகள் டேம் ஜீன் கோனன் டாயிலிடம் ஒப்புதலும் வாங்கிக்கொண்டார்.

அதே எபிசோடில் விஷப்புகையைத் தன்மீதே சோதித்துப் பார்த்துச் சாகக் கிடக்கும் ஹோம்ஸை வாட்சன் வெளியே இழுத்துப் போடுவார். நினைவு திரும்பும் நேரத்தில் ஹோம்ஸ் "ஜான்!" என்று கத்துவார். புத்தகத்தில் ஹோம்ஸுக்கு அவர் எப்போதும் 'வாட்சன்'தான். தன் உடம்போடும் மனதோடும் போராடிக்கொண்டிருந்த ஒரு நடிகரின் வாயிலிருந்து அந்தப் பெயர் வரும்போது, அது கதாபாத்திரத்தின் குரலா, அவருடைய குரலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அப்படியானால் புத்தகத்தை விட்டு விலகினாலே நல்லது என்று அர்த்தமா? இல்லவே இல்லை. 1993ல் வந்த 'தி லாஸ்ட் வாம்பயர்', 'தி எலிஜிபிள் பேச்சலர்' இரண்டையும் பார்த்தால் தெரியும். சின்னக் கதைகளை இழுத்து இழுத்து முழுநீளப் படமாக்கி, கனவு, சாபம் என்று எதையெதையோ நுழைத்திருப்பார்கள். அவை நேரத்தை நிரப்ப விலகியவை. மணலில் புதைந்த ஊசி அப்படியல்ல. ஹோம்ஸை அக்கறையோடு நேசித்த ஒருவர், தெரிந்தே செய்த மீறல். மூலத்தை அத்தனை நாள் மதித்து நடந்தவருக்குத்தான் அதை எங்கே மீறலாம் என்றும் தெரிந்திருக்கிறது.

1994ல் 'மசரின் ஸ்டோன்' எடுக்கும்போது பிரெட் உடம்பு முடியாமல் போக, ஹோம்ஸ் செய்ய வேண்டிய வேலையை அண்ணன் மைக்ராஃப்ட் செய்யும்படி கதையை மாற்றினார்கள். அந்த ஏப்ரலில் கடைசி எபிசோட் ஒளிபரப்பானது. மொத்தம் 41. மீதிக் கதைகளை எடுக்கக் காலம் அனுமதிக்கவில்லை. 1995 செப்டம்பர் 12 அன்று, 61 வயதில், இதயம் நின்று பிரெட் இறந்துபோனார்.

2010ல் செல்ஃபோனோடு வந்த கம்பர்பேட்சின் ஷெர்லாக்கை மட்டும் பார்த்தவர்கள் ஒரு மழைநாளில் 'செந்தலையர் சங்க'த்தில் ஆரம்பிக்கலாம். அந்த உற்சாகமான, ஒல்லியான ஹோம்ஸை நன்றாகப் பழகிய பிறகு 'டெவில்ஸ் ஃபுட்' பார்க்க வேண்டும். நேரே அங்கே போய்விடாதீர்கள். முன்னால் இருந்த ஆளைத் தெரிந்தால்தான், மணலில் புதைவது என்ன என்று புரியும்.