உடலும் ஓர் அமானிதம்

கல்வி எதுவாயினும் அதற்கு ஓர் ஆசான் வேண்டும். திருமறையை மனனம் செய்யும் பிள்ளைக்கு, நேற்றைய சபக் உறுதிப்படாமல் புதிய சபக்கை எந்த உஸ்தாதும் கொடுப்பதில்லை. சிலம்பம் பயில்வோனுக்கும் முதற்பாடம் கம்பு வீச்சன்று; காலடியே. வேகம் பின்னர் வருவது.

இன்றோ, எங்கள் கீழவாஞ்சூர் இளைஞர் பலர் கைபேசித் திரையையே உஸ்தாதாகக் கொண்டு கடும் உடற்பயிற்சியில் இறங்குகின்றனர். அவர்களைக் கவர்ந்த நான்கு நிமிடப் பயிற்சியின் வரலாறு அறியத்தக்கது. ஜப்பானியப் பனிச்சறுக்கு விரைவோட்ட அணியின் பயிற்சியாளர் கையாண்ட முறையை, இசுமி தபாட்டா என்னும் அறிஞர் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். 20 வினாடி முழுமூச்சான முயற்சி, 10 வினாடி ஓய்வு. இவ்வாறு ஏழெட்டு முறை. ஆனால் ஆய்வில் அதைச் செய்தோர் ஏற்கெனவே உடலுரம் பெற்ற இளைஞர்கள். அவர்கள் நிலைமிதிவண்டியில், முன்னதாக உடலைச் சூடேற்றி, அளவு கணித்துச் செய்தனர். திரைக்கு வந்தது நான்கு நிமிடம் மட்டுமே. அந்தக் கண்காணிப்பு வரவில்லை.

வளைகுடாவிலிருந்து வந்த என் தங்கை மகன், "விடுமுறை நாற்பது நாள்தானே மாமா, அதற்குள் மெலிய வேண்டாமா?" என்றான். முதல் நாளே நூற்றுக்கணக்கில் உட்கார்ந்தெழுந்தான். மூன்றாம் நாள் தொடைகள் வீங்கின. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தது. தசைநார்கள் சிதைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்துவிட்டதென்றும், தாமதித்தால் சிறுநீரகம் செயலிழக்கக்கூடுமென்றும் மருத்துவர் உரைத்தார். சில நாள் நரம்புவழி நீரேற்றியபின் அவன் தேறினான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளைத் தடுக்க வேண்டா. தக்க ஆசானிடம் சேருங்கள். நல்ல ஆசான் முதலில் நோய் விவரம் கேட்பார். அசைவின் முறையைத் திருத்திய பின்னரே வேகத்தையும் எண்ணிக்கையையும் சிறிது சிறிதாய்க் கூட்டுவார். கடும் பயிற்சிக்கு மறுநாள் ஓய்வளிப்பார். நாற்பது கடந்தோரும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோரும் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்குக. நோன்பு நாளின் பகல் வெயிலில் கடும் பயிற்சி வேண்டா. நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றின், அக்கணமே நிறுத்தி மருத்துவமனை செல்க.

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதை வலுப்படுத்துவது கடமையெனில், சிதையாமல் காப்பதும் அக்கடமையின் பகுதியே.