தொண்ணூறு நாள்

2023 ஜூன் 4, ஞாயிறு

பல் விளக்கும் முன்பே நௌக்ரியைத் திறந்து சுயவிவரத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். நேற்று எடுத்த அதே புள்ளி. தினம் எதையாவது திருத்தினால்தான் ஆள் தேடுகிறவர்கள் கண்ணில் நம் பெயர் மேலே வரும் என்று ஆபீஸில் ஒருத்தி சொல்லிக்கொடுத்த வித்தை.

இந்த வாரம் பதினொரு அழைப்புகள். எல்லாரும் கேட்பது அதே நாலு கேள்விதான்: எத்தனை வருஷம், இப்போ எவ்வளவு வாங்கறீங்க, எவ்வளவு எதிர்பார்க்கறீங்க, நோட்டீஸ் எத்தனை நாள். டெஸ்டிங்கில் ஒன்பது வருஷம், ஆட்டோமேஷன் தெரியும் என்றதும் நிமிரும் குரல், 'தொண்ணூறு நாள்' என்றதும் தொய்ந்துவிடுகிறது. "எங்களுக்கு இமீடியட் ஜாயினர்தான் வேணும் மேம்." அந்தக் கம்பெனியிலும் நோட்டீஸ் தொண்ணூறு நாளாகத்தான் இருக்கும். தன் ஆள் போக மூன்று மாசம் வேண்டும், அடுத்தவன் ஆள் மட்டும் நாளைக்கே வர வேண்டும்.

ஜூன் 10, சனி

சோழிங்கநல்லூரில் வாக்-இன். மேடவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ. மெட்ரோவுக்காகச் சாலையின் நடுவே தகரம் அடைத்திருப்பதால் சிக்னலைத் தாண்டவே இருபது நிமிஷம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்குப் போனேன். என் டோக்கன் 64.

இரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். நேர்காணல் செய்த பையனுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. ஒரே டெஸ்ட் இன்று பாஸ், நாளை ஃபெயில், கோடில் எந்த மாற்றமும் இல்லை, எங்கே தேடுவீர்கள் என்று கேட்டான். முக்கால் மணி நேரம் பேசினோம். பக்கம் முழுசாக வருவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் பட்டனைத் தேடுவது, இரண்டு டெஸ்ட்கள் ஒரே டேட்டாவைத் தொடுவது, வெறுமனே ஐந்து விநாடி தூங்க வைத்துப் பிரச்சினையை மூடிவிடும் சோம்பேறித்தனம். என் வேலையைப் பற்றி யாரோ ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! இந்த இடத்துக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று அப்போதே ஆசை வந்துவிட்டது. பின்னால் நடந்த எதற்கும் அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த சுற்றில் மேனேஜர். ரெஸ்யூமைப் புரட்டியபடியே, "குழந்தையை யார் பாத்துப்பாங்க?" என்றார். "அத்தை இருக்காங்க சார்." இவர் போயிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்று வீட்டில் கேட்டேன். இவர் சிரித்து மழுப்பினார்.

ஜூலை 7, வெள்ளி

ஆஃபர் லெட்டர் வந்தது. அதற்குள் இரண்டு இரவு உட்கார்ந்து செய்த ஒரு வீட்டுவேலை, இன்னொரு மேனேஜர், ஒரு டைரக்டர், சம்பளப் பேரம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, பி.எஃப். யூஏஎன் பக்கத்தில் வரும் வேலை வரலாறு என்று எல்லாவற்றையும் ஏற்றினேன். கல்யாணத்துக்கு ஜாதகம் கொடுத்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை.

ராஜினாமா ஏற்கப்பட்டதற்கான மெயிலை மூன்று வேலை நாளுக்குள் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆஃபர் செல்லாது. "ஆடி பொறக்கறதுக்குள்ள எழுதிக் குடுத்துடு" என்றார் அத்தை. அவருடைய கெடு ஜூலை 17. கம்பெனியின் கெடு அதைவிட நெருக்கம்.

ஜூலை 10, திங்கள்

பேப்பர் போட்டுவிட்டேன். கடைசி நாள் அக்டோபர் 6. அங்கே சேர்வது 9. மேனேஜர் சம்பளத்தை ஏற்றித் தரப் பார்க்கிறேன் என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன் சார் என்றேன். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது.

ஆகஸ்ட் 23, புதன்

மாலை 6.04-க்கு சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. கேண்டீன் டி.வி.யைச் சுற்றி ஆபீஸே நின்று கைதட்டியது. அந்தக் கூச்சலில் புதுக் கம்பெனி ஹெச்.ஆர். பெண்ணின் போன். "நிலாலேயே இறங்கியாச்சு மேம், நீங்க அக்டோபர் ஒன்பது கரெக்டா இறங்கிடுவீங்கல்ல?"

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படிக் கூப்பிட்டு நாடி பார்க்கிறாள். அவள் பயம் நியாயமானது. இதை வேறெங்கும் எழுத முடியாது, இங்கேயாவது எழுதிவிடுகிறேன். 2021 கடைசியில் பெருங்குடியில் ஒரு கம்பெனி எனக்கு ஆஃபர் கொடுத்தது. அந்தக் காகிதத்தைக் காட்டியே, நோட்டீஸ் காலத்தில் இரண்டு லட்சம் அதிகமாக இன்னோர் ஆஃபர் வாங்கினேன். சேர வேண்டிய நாளன்று போனை அணைத்துவைத்தேன். மறுநாள் பார்த்தால் ஒன்பது தவறிய அழைப்புகள். திரும்பக் கூப்பிடவில்லை. அப்போது எல்லோரும் செய்தார்கள். போன வருஷம் ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் விலகுவோர் விகிதம் 28.4 சதவீதம் வரை போனது.

தொண்ணூறு நாளின் குணம் அது. அவ்வளவு நாள் கையில் இருந்தால் நாங்கள் கடை கடையாக ஏறி இறங்குவோம். எப்படியும் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று அவர்கள் கூடுதலாக ஆஃபர் கொடுப்பார்கள். சந்தை படுத்துவிட்டால் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகச் சேர வந்து நிற்போம். அத்தனை பேருக்கும் நாற்காலி இருக்காது.

செப்டம்பர் 20, புதன்

மூன்று வாரமாக அவள் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். "நான் அங்கேர்ந்து வெளிய வந்துட்டேன் மேம். வேற யார் பாக்கறாங்கன்னு எனக்கும் தெரியல." கொஞ்சம் தயங்கி, "உங்க பக்கம் ஹெச்.ஆர்.ல ஏதாவது ஓப்பனிங் இருந்தா சொல்றீங்களா?" என்றாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

மெயில். வணிகச் சூழல் காரணமாக என் சேரும் தேதி தள்ளிவைக்கப்படுகிறது. புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும். பதில் அனுப்ப முடியாத முகவரி, கீழே யார் பெயரும் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். 'ஹோல்ட்' என்றால் என்ன செய்வது? அழுவதா, காத்திருப்பதா?

பழைய மேனேஜரிடம் போனேன். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்க நாக்கு எழவில்லை, கேட்டேன். "நீங்க கே.டி. குடுத்த பையன் பில்லிங்ல போயிட்டாம்மா" என்றார். இரண்டு மாசம் உட்கார்ந்து நானே அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

வக்கீலாக இருக்கும் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். "1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இருக்கும்மா. 73ஆம் பிரிவுல நஷ்டஈடு கேக்கலாம். ஆனா உன்னை வேலைக்கு வெச்சே ஆகணும்னு எந்தக் கோர்ட்டும் சொல்லாது." லெட்டரின் ஏழாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னான். எந்நேரமும், காரணம் சொல்லாமல், ஆஃபரைத் திரும்பப் பெறக் கம்பெனிக்கு உரிமை உண்டாம். ஜூலையில் சம்பளம் இருந்த மூன்றாம் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். "கேஸ் போடலாம், அண்ணன் ஃபீஸ் வாங்க மாட்டேன். ஆனா எத்தனை வருஷம்னு கேக்காத" என்றான்.

அக்டோபர் 6, வெள்ளி

லேப்டாப், அடையாள அட்டை ஒப்படைத்தேன். கேக் வெட்டினார்கள். எங்கே சேருகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். சோழிங்கநல்லூர் என்றேன்.

அக்டோபர் 9, திங்கள்

காலை ஆறு மணிக்கு ஒரு மெயில், அதே முகவரியிலிருந்து. "எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்! ஒன்பது மணிக்கு வரவும். நான்கு பாஸ்போர்ட் அளவு புகைப்படம் கொண்டுவரவும்." இது தவறாக வந்தது என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனாலும் வண்டியை எடுத்தார்.

வாசல் செக்யூரிட்டி பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழே பார்த்தார். "பேர் இல்லியேம்மா." பார்வையாளர் சீட்டு எழுதிக் கொடுத்து உட்காரச் சொன்னார். நாற்பது நிமிஷம். கழுத்தில் கம்பெனி நாடா தொங்கும் சின்னப் பெண் ஒருத்தி வந்தாள். "அது சிஸ்டம் மெயில் மேம், தானா போயிடும். இக்னோர் பண்ணிடுங்க." அவள் பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை.

வெளியே வந்து இவரிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறினேன். பெருங்குடியில் என்னை ஒன்பது முறை கூப்பிட்டது யார் என்று வழியெல்லாம் யோசனை. அந்தப் பெயரும் எனக்குத் தெரியாது.

அக்டோபர் 13, வெள்ளி

காலாண்டுக் கணக்குகள் பேப்பரில். டி.சி.எஸ்.ஸில் மூன்று மாதத்தில் 6,333 பேர் குறைவு, இன்ஃபோசிஸில் 7,530. இவர் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து எங்கோ வைத்துவிட்டார். நான் போனிலேயே படித்துவிட்டேன்.

நௌக்ரியில் நோட்டீஸ் கட்டத்தை '15 நாள் அல்லது குறைவு' என்று மாற்றினேன். மதியத்துக்குள் ஏழு அழைப்புகள். ஏழு பேரும் முதலில் கேட்டது, "கையில வேற ஆஃபர் இருக்கா மேம்?" இல்லை என்றேன். நாலு பேர் உடனே அடுத்த கேள்விக்குப் போனார்கள்: "அப்போ எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா?"