ஒயரிங்கின் உயிர் கப்ளரில்

லைட் எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்று பட்டறைக்கு வண்டிகள் வருகின்றன. பிரித்துப் பார்த்தால் பல்பு நன்றாக இருக்கும், ரிலே நன்றாக இருக்கும், ஒயரும் எங்கும் அறுந்திருக்காது. இரண்டு ஒயர் சேரும் இடத்தில்தான் கோளாறு இருக்கும். ஆட்டோ எலக்ட்ரீசியனாக மாரண்டஹள்ளியில் இத்தனை காலம் வேலை பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது: ஒயரிங் கெடுவது பெரும்பாலும் ஒயரில் அல்ல, இணைப்பில்.

எங்கள் பக்கத்து வண்டிகளின் பிழைப்பு இணைப்புகளைச் சோதிப்பது. பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் தக்காளி ஏற்றிப் போகும் பிக்கப், காலையில் உழவுக்கும் மாலையில் டிரெய்லருக்கும் போகும் டிராக்டர், பஞ்சப்பள்ளிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்வரும் பழைய ஜீப். செம்மண் புழுதி, சேறு, கிரேட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், குழியில் இறங்கி ஏறும் அதிர்ச்சி எல்லாமே ஒயர்களை இணைக்கும் கப்ளரின் மேல்தான் விழுகின்றன. இந்த வண்டிகளுக்குத்தான் கூடுதல் லைட், ஃபாக் லாம்ப், ரிவர்ஸ் ஹாரன், லோடு பாடிக்குள் விளக்கு என்று புது ஒயரிங் கேட்கிறார்கள். கம்பெனியில் எந்த இடத்துக்கு எந்தக் கப்ளர் என்பதை இன்ஜினியர்கள் முடிவு செய்திருப்பார்கள். கூடுதலாக லைன் இழுக்கும்போது அந்த முடிவு எங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

“ஏங்ண்ணா, ஒயரை முறுக்கி டேப் சுத்திட்டா ஆவாதுங்களா?” என்று கேட்பார்கள். “இன்னைக்கு ஆவும். ஐப்பசி மழைல ஆவாது” என்பதே என் பதில்.

ஏன் ஆகாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஹெட்லைட்டில் போடும் எச்4 பல்பு ஹை பீமில் 60 வாட். இரண்டு பல்புக்கு 120 வாட், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். இந்த 10 ஆம்பியரும் கடந்து போகும் ஒரு இணைப்பில் அழுக்கோ லூஸோ சேர்ந்து வெறும் 0.05 ஓம் தடை வந்தால் போதும், அங்கே அரை வோல்ட் குறைந்துவிடும். அதைவிட மோசம், அந்த இடத்தில் 5 வாட் சூடு உண்டாகும். ஒரு பார்க்கிங் பல்பே 5 வாட்தான். அதைக் கப்ளருக்குள் வைத்து எரியவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. பிளாஸ்டிக் பழுப்பாகும், பின்னின் ஸ்பிரிங் பிடிப்பு தளரும், தளர்ந்ததால் தடை கூடும், கூடியதால் இன்னும் சுடும். கடைசியில் ஹோல்டர் உருகி பல்போடு ஒட்டிக்கொள்ளும். ஃபியூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் கூடவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க, லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, கப்ளரின் இரு பக்கமும் தொட்டால் போதும். நல்ல இணைப்பில் வோல்ட்டேஜ் குறைவது பெயருக்குத்தான் இருக்கும்.

கப்ளரை இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டேஷ்போர்டுக்குள், தண்ணீர் படாத இடத்தில் 6.3 மி.மீ. தட்டை பின் போதும். ரிலே காலும் அதே அளவுதான். 30, 85, 86, 87 என்று எண் போட்ட அந்தக் கால்களுக்கு உரிய பேஸ் வாங்கிப் போட்டால் வேலை சுத்தமாக இருக்கும். எச்4 பல்பின் கால்கள் இன்னும் அகலம், சுமார் 8 மி.மீ. அதில் 6.3 பின்னை நெம்பி அகட்டிச் செருகக் கூடாது. இன்ஜின் பக்கமும் சேசிஸுக்கு அடியிலும் ரப்பர் சீல் உள்ள கப்ளர்தான் போட வேண்டும். எங்கள் தொழிலில் அதிகம் புழங்கும் சூப்பர்சீல் வகை 1 பின்னிலிருந்து 6 பின் வரை வருகிறது, ஒரு பின்னுக்கு 14 ஆம்பியர் வரை தாங்கும். டிராக்டர், மண் வெட்டும் இயந்திரம், லாரி போன்ற அதிர்ச்சி அதிகமுள்ள வண்டிகளுக்கு டாய்ச் டிடி வகை சிறந்தது. அதில் பின்னுக்கு 13 ஆம்பியர், பின்கள் பின்வாங்காமல் பிடிக்கத் தனி ஆப்பு இருக்கும். எந்தக் கப்ளரையும் அதன் எல்லை வரை ஓட்டுவதில்லை என்பது என் வழக்கம். அட்டையில் போட்ட ஆம்பியர், சோதனைக் கூடத்தில் அளந்தது. நம் கப்ளரோ சித்திரை வெயிலில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு கப்ளரில் எது நல்லது? பிளாஸ்டிக்கைப் பார்க்காதீர்கள், பின்னைப் பாருங்கள். முதல் சோதனை காந்தம். நல்ல பின் பித்தளையிலோ செப்புக் கலவையிலோ செய்து வெள்ளீயம் பூசியது, காந்தம் ஒட்டாது. மட்ட ரகம் இரும்புத் தகட்டில் பூச்சு மட்டும் போட்டது, சட்டென்று ஒட்டும். நல்ல ஃபிமேல் பின்கள் சிலவற்றில் பிடிப்புக்காக மேலே தனி எஃகு ஸ்பிரிங் இருக்கும், அதில் ஒட்டினால் குற்றமில்லை. கரண்ட் போகும் உடம்பில் ஒட்டக் கூடாது. இரண்டாவது, பின்னின் இறக்கையை விரலால் மடக்கிப் பாருங்கள். நல்ல உலோகம் மடங்கும், மட்டமானது வெடிக்கும். மூன்றாவது, பின்னைப் பிளாஸ்டிக் ஹவுசிங்கில் செருகும்போது டிக் என்று சத்தம் கேட்க வேண்டும், பிறகு ஒயரை மெல்ல இழுத்தால் பின் வெளியே வரக் கூடாது.

நல்ல பின் வாங்கியும் பிளையரால் நசுக்கினால் காசு வீண். பின்னில் இரண்டு ஜோடி இறக்கை இருக்கிறது. முன் ஜோடி செம்பைப் பிடிக்க, பின் ஜோடி ஒயரின் தோலைப் பிடிக்க. சீல் உள்ள வகையில் பின் ஜோடி சீலையும் சேர்த்துப் பிடிக்கும். கிரிம்பிங் டூலில் அழுத்தும்போது முன் ஜோடி சுருண்டு உள்நோக்கி இறங்கி, செம்பு இழைகளை இரு பள்ளமாகப் பிரித்து இறுக்க வேண்டும். வெட்டிப் பார்த்தால் இழைகளுக்கு இடையே இடைவெளியே தெரியாது. இறக்கைக்கு முன்னால் செம்பு நுனி ஒரு மி.மீ. எட்டிப் பார்க்க வேண்டும், தோல் இரண்டு ஜோடிக்கும் நடுவே முடிய வேண்டும். பலர் இதற்கு மேல் பற்றும் வைக்கிறார்கள். அதை நான் செய்வதில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கிவிடும், அதிர்ச்சியில் ஈயம் முடியும் இடத்தில் ஒயர் ஒடியும்.

வாங்க எங்கே போவது? சாதாரண பின்களும் ரிலே பேஸும் தர்மபுரியிலும் சேலத்திலும் கிடைக்கும். சீல் வகைகளுக்கு நான் நம்புவது பெங்களூரு ஜே.சி. ரோட்டையும் சென்னை ஜி.பி. ரோட்டையும். ஹவுசிங், பின், சீல், லாக் நான்கும் ஒரே கம்பெனியாக இருக்கிறதா என்று கடையிலேயே சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டும். சீல் ஒயரின் தடிமனுக்கு ஏற்ப மாறும். பொருந்தாத சீல் போட்டால் சீல் இல்லாத கப்ளரைவிட மோசம், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. புதிதில் கிடைக்காத வடிவத்துக்குப் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தை இருக்கிறது. கழற்றிய வண்டியிலிருந்து கப்ளரை ஒரு சாண் ஒயரோடு வெட்டி வாங்க வேண்டும், அப்போதுதான் எந்தப் பின்னில் எந்த நிறம் என்பது தெரியும். அதன் ஹவுசிங்கைப் பயன்படுத்தலாம். பின் பச்சை பூத்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ புதுப் பின் மாற்றிவிட வேண்டும். பின்னைக் கழற்ற, தேய்த்த குடைக்கம்பி போல உதவும் கருவி வேறில்லை.

புது வண்டிக்கு லைட் போடும்போது கம்பெனி ஒயரை வெட்டுவதில்லை. கம்பெனி ஹோல்டரில் செருகும் எச்4 மேல் (ஆண்) கப்ளர் கிடைக்கிறது. அதிலிருந்து ரிலேவுக்கு சிக்னல் மட்டும் எடுத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனி லைன் கொடுத்தால் லைட் பளிச்சென்று எரியும், ஸ்விட்சும் சுடாது. வேண்டாம் என்றால் கழற்றிப் பழையபடி மாட்டலாம்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒயரிங் செய்யும்போது எத்தனை லைட் என்று மட்டும் கேட்காதீர்கள், என்ன கப்ளர் போடுகிறீர்கள் என்றும் கேளுங்கள். இரவில் காய்கறி ஏற்றிக் கிளம்பும் டிரைவரின் உயிர் அந்த வெளிச்சத்தில் இருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கும் ஒன்று: முதல் வருமானத்தில் நல்ல கிரிம்பிங் டூல் ஒன்று வாங்கிவிடுங்கள். மற்ற சாமான்கள் மெதுவாகச் சேரட்டும்.