கோபிக்கு ஏது கடற்கரை?

கடற்கரை இல்லையே என்று கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள் ஏங்குவதில்லை. பவானி ஆற்றங்கரை இருக்கிறதே! வெளியூர்க்காரர்கள் பவானிசாகரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரரைக் கேளுங்கள், "கொடிவேரிக்குப் போனீங்களா?" என்பார்.

பழைய அணைக்கட்டு. நீண்ட சுவர்மேல் தண்ணீர் வெள்ளிச் சரிகையாய் வழிகிறது. ஆசைதீரக் குளிக்கலாம், கரையில் சுடச்சுட மீன் வறுவலும் உண்டு. ஆனால், குழந்தைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும். பவானிசாகரில் நீர் திறந்துவிட்டால், சிரிக்கும் ஆறு சீறும். அன்று குளிக்கத் தடை என்றால், மறுபேச்சின்றித் திரும்பிவிடுங்கள்.

அத்துடன் பயணம் முடிந்ததா? இல்லை. இங்கே பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், 1955-ல் பவானிசாகர் அணை முடிவதற்கு வெகுகாலம் முன்பே வயல்களை வாழவைத்தவை. பாரியூர் கொண்டத்துக் காளியம்மனைத் தரிசித்துவிட்டுப் பச்சைமலை முருகன் கோயிலுக்கு ஏறுங்கள். கீழே பச்சைப் பட்டு விரித்தாற்போல் வயல்கள்! காலையில் நாம் குளித்த தண்ணீர் யார் வீட்டுச் சோறாகிறது என்பது அங்கேதான் புரியும்.